அழிக்க முடியாத கடதாசி



சீனாவின் யீவூ நகரத்துக்கு நம்மவர்கள் எதற்குப் போகிறார்கள் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2018இல் என் மச்சான் அங்கே சாமான் எடுக்கப் போனபோது, மத்ரஸா விடுமுறையாக இருந்ததால் நானும் துணைக்குச் சென்றேன். மூன்றாம் நாளே கடைகள் அலுத்துவிட்டன. எங்களுக்கு மொழிபெயர்த்துத் தந்த சீன முஸ்லிம் வாலிபர் அரபு ஓதியவர். “உஸ்தாத், என்னுடைய ஊரான ஹாங்சோவில் வாப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், ஓவியர். ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது, வருகிறீர்களா?” என்று கேட்டார்.

உருவம் வரைவதைப் பற்றிய மார்க்கச் சட்டம் உங்கள் நினைவுக்கு வருவது எனக்கு விளங்குகிறது. எனக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதரின் மேசையில் கிடந்தவை மலையும் நீரும் மரங்களும்தான். இந்த வகை ஓவியத்துக்குச் சீன மொழியில் பெயரே ‘மலை-நீர்’ என்பதாம்.

எழுபது தாண்டிய மெலிந்த மனிதர். கண்ணாடிக் குவளையில் பச்சைத் தேயிலை மிதக்கும் சுடுநீர் தந்தார். தேயிலை நாட்டிலிருந்து போன எனக்கு அது கஷாயமாகத்தான் பட்டது. அவரிடம் சொல்லவில்லை.

முதலில் மை அரைத்தார். புகைக்கரியைப் பசையோடு குழைத்துக் காயவைத்த மைக்கட்டி அது. கல்லில் சில துளி நீர் விட்டு, அவசரமில்லாமல் வட்டம் வட்டமாக உரசினார். போத்தலில் மை கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் மை அரைபடும் நேரத்தில்தான் தன் கை அடங்குகிறது என்றார். தூரிகைகளில் ஆட்டு மயிர் மெதுவானது. ‘ஓநாய் மயிர்’ என்று பெயர் பெற்றது விறைப்பானது. பெயர்தான் ஓநாய், உண்மையில் அது கீரியைப் போன்ற ஒரு சிறு பிராணியின் வால் மயிர்.

கடதாசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்ஹுய் மாகாணத்தில் ஒரு மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வெளுக்க வைத்துச் செய்கிறார்கள். ஷுவான் கடதாசி என்பார்கள். 2009இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. படிகாரம் பூசாத கடதாசியில் தூரிகை பட்ட மாத்திரத்தில் மை உள்ளே இறங்கிவிடும். அழிக்கவும் முடியாது, சுரண்டவும் முடியாது. நம் மூத்தவர்கள் ஓதப்பள்ளியில் மரப்பலகையில் எழுதி, கழுவிவிட்டு மறுபடி எழுதுவார்களே, அந்தச் சலுகை இங்கே இல்லை.

அவர் வரைந்துகொண்டிருக்கும்போதே பனிமூட்டத்துக்காக விட்டிருந்த வெள்ளையில் ஒரு பெரிய துளி விழுந்து பரவியது. “அடடா!” என்றேன். தேநீரைக் குடித்துவிட்டு மனிதர் தொடர்ந்து வரைந்தார், அரை மணித்தியாலம். முடித்து, சுவரில் தொங்கவிட்டார்.

“கெட்டுப்போனதை எதற்காக முடிக்கிறீர்கள்?”

“முடிக்காவிட்டால் வேறு எங்கெல்லாம் கெட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு கிழமை பார்ப்பேன், பிறகு வீசுவேன்.”

ஹுவாங் பின்ஹோங் என்ற மேதையின் மலைகளைப் பார்த்து வரைந்துதான் பழகினாராம். 1865இல் பிறந்த அம்மேதை, ஒரு மை காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்றாக அடுக்கி, இருண்ட மலைகளை எழுப்பியவர். முதுமையில் கண்புரை படர்ந்து பார்வை மங்கியபோதும் வரைவதை நிறுத்தவில்லை. 1953இல் சத்திரசிகிச்சையால் பார்வை மீண்டது. 1955இல் இதே ஊரில் மரணித்தார்.

மாணவப் பருவத்துப் படங்களைக் காட்டச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. 1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கியது. அவ்வூர்க் கலைக் கல்லூரித் தலைவர் பான் தியன்ஷோவையே அடைத்து வைத்து, ஊரார் முன் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். 1971இல் அவர் இறந்தார். அந்தப் பயத்தில் இவருடைய தகப்பனார் ஓரிரவில் மகனின் கடதாசிகளையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார்.

“படங்கள் போனதற்குக் கவலையில்லை, எல்லாம் மோசமானவை. என் ஆசிரியர் போட்ட சிவப்பு வட்டங்கள் போய்விட்டன” என்றார்.

“அத்தனை பிழைகளா?” என்று கேட்டேன். மொழிபெயர்த்த வாலிபர் சிரித்துவிட்டார். எழுத்துப் பயிற்சியில் நல்லதாக வந்த எழுத்தைச் சுற்றித்தான் ஆசிரியர் சிவப்பு வட்டம் போடுவாராம். அவருடைய ஆசிரியர் ஓவியத்திலும் அப்படியே செய்தாராம். ஒரு பக்கத்தில் ஒன்றோ இரண்டோ. பிழைகளுக்கு அடையாளமே இல்லை.

வாசகர்களே, இருபது வருடங்களாகச் சிவப்புப் பேனையோடு கொப்பி திருத்துகிறவன் நான். என் மகனுக்கு ஒன்பது வயதில் பரீட்சைக் காலமொன்றில், பிக்ஹு கொப்பியின் பின்பக்கங்களில் எங்கள் ஊர்க் குளத்தையும் அதன் பின்னாலுள்ள மலையையும் பென்சிலால் வரைந்திருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழித்தேன். ஏழெட்டுப் பக்கங்கள் இருக்கும். ஒன்றையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவன் வரைந்து நான் கண்டதில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

திரும்பும் வழியில் ஒரு ஆட்டு மயிர்த் தூரிகையும் மைக்கட்டியும் கல்லும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து தூரிகையை அவனிடம் கொடுத்தேன். அப்போது பதினேழு வயது. நான் சொல்ல நினைத்தது எதுவும் வாயில் வரவில்லை. விரலால் மயிரைத் தடவிப் பார்த்துவிட்டு, “வாப்பா, மை எங்கே?” என்று கேட்டான்.

மையும் கல்லும் பாரம் என்று மச்சானின் சாமான்களோடு கப்பலில் போட்டிருந்தேன். “அடுத்த மாதம் வரும்” என்றேன்.