வீடு திரும்பும் முன் ஐந்து நிமிடம்

பிறந்த குழந்தை நன்றாக அழுகிறது, பால் குடிக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது. மூன்றாம் நாள் தாயும் சேயும் வீடு திரும்புகிறார்கள். அடுத்த சில நாள்களில் பால் குடிக்கும்போதே குழந்தைக்கு வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் சளி என்றோ கிருமித்தொற்று என்றோ வைத்தியம் தொடங்குகிறது. கோளாறு இதயத்தில்தான் என்று தெரியவருவதற்குள் பல குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் ஒரு சிறு குழாய். கருவில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் நேராகப் போய்ச்சேர ஓர் இணைப்புக் குழாய் இருக்கிறது. பிறந்த சில நாள்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும். இதய அமைப்பில் பெரிய பிழையோடு பிறந்த குழந்தைகள் சிலருக்கோ அந்தக் குழாய்தான் உயிர்வழி. அது திறந்திருக்கும்வரை குறை வெளியே தெரியாது. மூடத் தொடங்கினால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறும்.

ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேர் பிறவி இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் ஆண்டுக்குள் சிகிச்சை தேவை.

சிகிச்சைக்கு இன்று பஞ்சமில்லை. 1944-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக், ஆல்ஃபிரட் பிளலாக், விவியன் தாமஸ் மூவரும் சேர்ந்து ‘நீலக் குழந்தை’களுக்கான முதல் அறுவை சிகிச்சைக்கு வழி கண்டார்கள். 1975-இல் பிரேசிலின் அடிப் ஜட்டேனே, இடம் மாறி அமைந்த பெருந்தமனிகளை உரிய இடத்தில் மாற்றிப் பொருத்திக் காட்டினார். அந்த எழுபதுகளில்தான் இணைப்புக் குழாயை மூடவிடாமல் வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தது. இந்த மருந்தை ஏற்றிக்கொண்டே குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். ஆனால் இத்தனையும் பலிக்க, நோய் இருப்பது முதலில் தெரிய வேண்டுமே!

அதற்கான கருவி கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பல்ஸ் ஆக்சிமீட்டர்தான்; பச்சிளம் குழந்தைக்கென்று தனி சென்சார் உண்டு. பிறந்து 24 மணி நேரம் ஆனதும், குழந்தை அழாமல் இருக்கும் வேளை பார்த்து, செவிலியர் அந்த சென்சார் பட்டையை முதலில் வலது கையில் சுற்றுகிறார். பிறகு ஒரு காலில். வலது கைக்குப் போகும் ரத்தம் இணைப்புக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போவது அதைக் கடந்து வருவது. அதனால்தான் இரண்டு அளவு. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனே மருத்துவர் வந்தாக வேண்டும். இரண்டுமே 95-ஐ எட்டாவிட்டாலோ, இரண்டுக்கும் நடுவே மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. ஐந்து நிமிட வேலை.

ஸ்வீடனில் ஏறக்குறைய 40,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. உடல் பரிசோதனையோடு இந்தச் சோதனையும் சேர்ந்தபோது, ஆபத்தான குறைபாடுகளைக் கண்டுபிடிக்கும் விகிதம் 63-லிருந்து 83 சதவீதமாக உயர்ந்தது. சீனாவில் 1,22,738 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் 2014-இல் அதே திசையைத்தான் காட்டியது.

எல்லாவற்றையும் விட முக்கியமான பாடம் அமெரிக்காவிலிருந்து 2017-இல் வந்தது. சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கிய மாநிலங்களில், ஆபத்தான பிறவி இதய நோயால் நேரும் சிசு மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. விரும்பினால் செய்யலாம் என்று விட்டுவைத்த மாநிலங்களில் குறிப்பிடும்படியான குறைவே இல்லை. நல்ல பழக்கமாக விடப்படும் சோதனை, வேலை நெருக்கடியில் முதலில் கைவிடப்படும். விதியாக எழுதிவைத்தால் நடக்கும்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ‘இதயத்தில் ஓட்டை’ என்று நாம் சொல்லும் சாதாரண வகைகளும் பெருந்தமனிச் சுருக்கமும் இதில் தப்பிவிடக்கூடும். இதய நோய் இல்லாத சில குழந்தைகளும் இதில் சிக்குவார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு நுரையீரல் கோளாறோ தொற்றோ இருப்பது தெரியவரும், அதுவும் நன்மைதான்.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பிறவி இதய நோய், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. பக்கத்தில் கேரளம் 2017-இல் ‘ஹ்ருதயம்’ திட்டத்தைத் தொடங்கி, இதய நோயுள்ள குழந்தைகளை இணையத்தில் பதிந்து சிகிச்சைக்கு அனுப்பிவருகிறது.

ஆகவே அரசிடம் கேட்பது பெரிதல்ல. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் வலது கை, கால் ஆகிய இரண்டு ஆக்சிஜன் அளவுகளையும் எழுதுவது கட்டாயம் என்று உத்தரவு போட வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கவும், புரோஸ்டாகிளாண்டின் மருந்தோடு ஆம்புலன்ஸில் அனுப்பவும் மாவட்டந்தோறும் ஏற்பாடு வேண்டும். பெற்றோர்களே, அந்த உத்தரவுக்காகக் காத்திருக்காதீர்கள். சீட்டில் அந்த இரண்டு எண்கள் இல்லையென்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் செவிலியரிடம் கேளுங்கள்.