எலும்புக்குப் பின்னால் ஓர் ஊர்

994-ஆம் ஆண்டு. பிரான்சின் லிமூசான் பகுதியில் சனங்களுக்குக் கைகால் தீப்பிடித்தாற்போல் எரிந்து, கருகி விழுந்தது. ரை தானியத்தில் பிடித்த பூஞ்சைதான் காரணம் என்று பிற்காலம் கண்டுகொண்டது. அன்று ரொட்டியைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? லிமோஜ் நகரின் முதல் ஆயரான புனித மார்சியாலின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே குன்றின்மேல் கொண்டுபோய் வைத்தார்கள். நோய் தணிந்தது என்கின்றன பழைய ஏடுகள்.

அன்று அங்கே திரண்ட கூட்டம் இன்னும் கலையவில்லை. ஏழாண்டுக்கு ஒருமுறை, பதினைந்துக்கும் மேற்பட்ட ஊர்களில் புனிதர்களின் திருப்பண்டங்கள் தெருவுக்கு வருகின்றன. 'ஒஸ்தான்சியோன்' என்கிறார்கள், எடுத்துக் காட்டுதல் என்று பொருள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய், 1806-இல் மறுபடி கிளம்பியது.

லெ தோரா போன்ற சிற்றூரில் பார்க்க வேண்டும். முன்னே பழங்காலப் படைவீரர் சீருடையில் உள்ளூர்க்காரர்களின் காவல். பின்னால் தோளேறி வரும் பொன்முலாம் பேழை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் நாடா சுற்றிய எலும்புத் துண்டு, பெயர் எழுதிய காகிதச் சீட்டு, சிவப்பு அரக்கு முத்திரை. அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை தோள்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் புனிதரையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு வருவதுபோல. நம் ஓரியூர்த் திருத்தலத்தில் செம்மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்புகிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை, லிமூசான் பக்திக்குப் பேர்போன சீமை அல்ல. இடதுசாரிகளின் கோட்டை. தோல் கையுறை தைத்துப் பிழைத்த சேன் ஜூனியான், கம்யூனிஸ்ட் மேயர்களை நெடுங்காலம் தேர்ந்தெடுத்த ஊர். பவனி நாளில் அங்கேதான் தெருக்கள் பச்சைத் தழையால் காடாகின்றன. பூசைக்கே போகாதவர்கள்கூட வேடம் கட்டி நடக்கிறார்கள்.

2009 விழாவுக்கு அரசு அமைப்புகள் தந்த மானியம் வழக்கானது. இது வழிபாடு, அரசையும் மதத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுப்பணம் தரக்கூடாது என்று 2013 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் முடித்துவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபு என்று பட்டியலில் சேர்த்தது. ஒரே எலும்பு, ஒரே வருஷம், இரண்டு தீர்ப்பு.

பணத்தைப் பொறுத்தவரை நீதிமன்றம் சொன்னதே சரி என்பது நம் கருத்து. மானியம் வரும் வழியில்தான் வரவேற்பு வளைவும் அமைச்சர் நாற்காலியும் வரும். (கைக்காசில் பத்திரிகை நடத்துகிறவர்கள் இதைச் சொன்னால் பொறாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) ஆனால் வழிபாடா பண்பாடா என்ற கேள்வி பேழையைத் தூக்குகிறவரின் தோளில் இல்லை. அவர் பாட்டன் தூக்கினார், இவர் தூக்குகிறார். மானியம் நின்ற பின்னும் 2016-இலும் 2023-இலும் பவனி நடந்தது.

அடுத்த முறை 2030. போக வாய்க்கிறவர்கள் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். கேமராவைப் பையில் போட்டுவிட்டு, ஊர்க்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்து நடங்கள்.