பாட்டு மேடையில் துப்பாக்கிச் சத்தம்

பாரிசின் லாச்சப்பல் பகுதித் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்படும் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளின் அடியில் அனுசரணையாளர் வரிசை என்றைக்கும் உண்டு. நகைக்கடை, புடவைக்கடை, காசு அனுப்பும் நிலையம், பலசரக்குக் கடை. மண்டப வாடகை, ஒலி ஒளி, ஊரிலிருந்து வரும் கலைஞர்களின் விமானச் சீட்டு என்று செலவு நீளும்போது ரிக்கற் காசு மட்டும் கட்டாது. அதை அறிந்தே அந்த வரிசையை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அண்மையில் கைபேசி விளையாட்டு ஒன்றும் அதில் சேர்ந்தது. அதற்கு மேடையில் கொடுக்கப்பட்ட இடத்தைப் பற்றியே இந்தத் தலையங்கம்.

பாரிஸ் புறநகர் மண்டபம் ஒன்றில் நடந்த திரையிசை மாலை அது. இடைவேளை முடிந்து சனம் கதிரைகளுக்குத் திரும்பியதும் விளக்குகள் அணைந்தன. பாட்டுக்குக் காத்திருந்தவர்களின் முன்னால் பெருந்திரையில் போர் விளையாட்டொன்றின் முன்னோட்டம் ஓடியது. துப்பாக்கி வேட்டு, ஹெலிகொப்டர் இரைச்சல், குண்டுவெடிப்பு எல்லாம் பாட்டுக்கென்று கட்டிய ஒலிபெருக்கிகளில் உச்சத்தில் ஒலித்தன. மேடை ஓரத்தில் தபேலாக்காரர் சுத்தியலும் கையுமாகக் குனிந்து, தோலோடு காதை வைத்துச் சுருதி சேர்க்கப் பார்த்தார். முடியாமல் சுத்தியலைக் கீழே வைத்தார். முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், ஹெலிகொப்டர் சத்தம் எழும்பியதும் பக்கத்தில் இருந்த பேரனின் தலையை மடிக்குள் அமுக்கிக்கொண்டு குனிந்தார். "அம்மம்மா, இது கேம்" என்றான் பிள்ளை. அவருடைய கை உடனே தளரவில்லை.

பிறகு அறிவிப்பாளர் வந்தார். திரையில் தெரியும் சதுரக் குறியைக் கைபேசியால் படம் பிடிப்பவர்களுக்குப் பரிசு என்றார். பலர் அசையவில்லை. அந்த முன்னோட்டத்தை எப்பவோ யூடியூப்பில் பார்த்துவிட்டதாகப் பொடியள் சொன்னார்கள். மண்டபத்தைக் குறித்த நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் கடைசிப் பாடல்கள் கைவிடப்பட்டன. காசு கொடுத்து வந்த சனத்துக்கும், ஒத்திகை பார்த்து வந்த கலைஞர்களுக்கும், விளம்பரம் செய்தவர்களுக்கும் அந்த இரவு நட்டம்தான்.

வீடியோ கேமுக்கும் இசைக்கும் பகை இல்லை. 1987 ஆகஸ்டிலேயே டோக்கியோவின் சன்டோரி ஹாலில் கொயிச்சி சுகியாமா தான் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்கு எழுதிய இசையை வாத்தியக் குழுவோடு மேடையேற்றினார். விளையாட்டுப் பெட்டியின் சின்ன ஒலிக்குள் அடங்கிக் கிடந்த மெட்டுகளைச் சபை காதாரக் கேட்டது. 2022இல் இங்கே பாரிசின் கிரான் ரெக்ஸ் அரங்கில், யூபிசோஃப்ட் தன் 'அசாசின்ஸ் கிரீட்' இசையைச் சிம்பொனிக் கச்சேரியாகக் கொண்டுவந்தது. இவையும் விளம்பரம்தான். ஆனால் வாசிக்கிறவர்கள் மேடையில் இருந்தார்கள். கேட்க வந்தவருக்குக் கேட்பதற்கு ஏதோ கிடைத்தது.

கேட்க வந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியைப் பெரிய முதலோடு வருகிறவர்களிடமும் கேட்கத்தான் வேண்டும். 2019 நவம்பர் 10 அன்று பாரிசின் பெர்சி அரங்கில் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்கு முன் 'ட்ரூ டேமேஜ்' என்ற குழுவின் பாட்டு அரங்கேறியது. குழுவின் உறுப்பினர்கள் விளையாட்டுப் பாத்திரங்கள். அவர்களுக்குக் குரல் கொடுத்த பெக்கி ஜி, கீக்கி பாமர், சோயோன் முதலியோர் நேரில் பாடினார்கள். விளையாட்டு இலவசம், பாத்திரங்களுக்கு மாட்டும் உடைகளை விற்றே ராயட் கேம்ஸ் பிழைக்கிறது. அந்தக் குழுவின் உடைகளும் அதையொட்டியே விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒன்று லூயி வுய்த்தோன் வடிவமைத்தது. உடை விற்கக் கட்டிய மேடைதான் அது. அதைப் பாராட்ட நமக்கு மனமில்லை. என்றாலும் அந்த மேடைக்கென்று புதிதாக ஒரு பாட்டு எழுதப்பட்டது, அதைப் பாட மனிதர்கள் வந்தார்கள். நம் மண்டபத்துக்கு வந்த நிறுவனம் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், போரிலிருந்து தப்பி வந்தவர்களை இருட்டில் இருத்தி ஹெலிகொப்டர் சத்தம் போட்டிருக்கமாட்டார்கள்.

தமிழிசையைத் தாங்கும் விளையாட்டு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023இல் ரொறொன்ரோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையில் நடக்கிறது. இட்லி அவியும்போது பின்னணியில் தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும் பாட்டுகள் ஒலிக்கின்றன. அடுத்த ஆண்டு புதியவர்களின் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பாட்டுகளை நம் மேடையொன்றில் நேரில் பாடவைத்தால் அம்மம்மாவும் பேரனும் ஒன்றாக இருந்து கேட்பார்கள்.

அனுசரணையாளர் கேட்டால் மறுக்க முடியாது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். லாச்சப்பலிலிருந்து வடக்கே அரை மணி நேரம் நடந்தால் வரும் அடிடாஸ் அரீனாவைப் பாருங்கள். 2024 பெப்ரவரியில் அந்த நிறுவனத்தின் பெயரோடு திறந்த அரங்கு, அந்தக் கோடையில் ஒலிம்பிக் பட்மின்டன் நடந்தபோது அந்தப் பெயரால் அழைக்கப்படவில்லை. 'போர்த் து லா சப்பல் அரங்கு' என்றே வழங்கியது. போட்டி நடக்கும் இடத்தில் விளம்பரப் பெயருக்கு இடமில்லை என்பது அப்போது ஒலிம்பிக் விதியாக இருந்தது. ஒக்டோபரில் பழைய பெயரிலேயே அங்கே லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் காலிறுதி, அரையிறுதி ஆட்டங்கள் நடந்தன. பெயருக்கு விலை கொடுத்த நிறுவனமே விதிக்கு ஒதுங்கி நின்றது. நம்மிடம் விதி இல்லை, அதனால்தான் யாரும் ஒதுங்குவதில்லை.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். விளம்பரம் சுவரொட்டியிலும் வாசலிலும் இடைவேளை மேசையிலும் இருக்கட்டும். முதல் பாட்டு தொடங்கியபின் மேடையும் ஒலிபெருக்கியும் கலைஞர்களுடையவை. திரையில் எதையாவது காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் எவ்வளவு நேரம் என்பதை ரிக்கற்றிலேயே அச்சிடுங்கள். வேட்டுச் சத்தமும் குண்டுச் சத்தமும் நம் மண்டபங்களில் எந்த விலைக்கும் வேண்டாம்.

இந்த இதழுக்கும் விளம்பரம் தேவைப்படுகிறது. பின்னட்டையைக் கொடுக்கிறோம், கவிதையின் நடுப்பகுதியைக் கொடுப்பதில்லை. அடுத்த இதழிலிருந்து இசை நிகழ்ச்சி அறிவித்தல்களை இலவசமாக வெளியிடுவோம். அந்த மூன்றையும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டாளர்களுக்கு மட்டும்.