வீட்டோடு சேர்த்து விற்கப்படும் சண்டை

2025 ஆகஸ்ட் மாதம் டெல்லியின் போகல் பகுதியில், வீட்டு வாசலை மறித்து நின்ற ஒரு ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தச் சொன்னதில் தொடங்கிய தகராறு கொலையில் முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் மொஹாலியில், வண்டி நிறுத்துவது தொடர்பாகப் பக்கத்து வீட்டுக்காரர் தாக்கியதில் ஓர் இளம் விஞ்ஞானி உயிரிழந்தார். உயிர் போனதால் இவை செய்தியாயின. உயிர் போகாத சண்டைகள் நம் ஊர்களில் தெருவுக்கு இரண்டாவது இருக்கும். வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல், சலாம் கூட இல்லாமல் அப்படியே கிடக்கும். வீட்டை விற்க முடிவு செய்யும் நாளில்தான் அந்தச் சண்டைக்கும் ஒரு விலை உண்டு என்பது தெரியவரும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி நம்மிடம் மஸ்அலா கேட்டு வந்தார். கணவர் மவுத்தாகி நான்கு வருடம். மூன்று வீடுகளுக்குப் பொதுவான ஒரு சந்தின் உள்ளே அவருடைய வீடு. பக்கத்து வீட்டு மகன் கார் வாங்கி, அதைச் சந்தின் வாயிலிலேயே நிறுத்துகிறார். ஆட்டோ உள்ளே வர முடியாது. கணவரின் ஜனாஸாவைக் கூட காரை எடுக்கச் சொல்லிக் காத்திருந்துதான் வெளியே கொண்டுவந்தார்களாம். இப்போது கடனை அடைக்க வீட்டை விற்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் மகன் போனில் சொல்கிறான்: "உம்மா, நீங்க வாயைத் திறக்காதீங்க." புரோக்கர் அதற்கும் ஒரு படி மேலே போய், பார்ட்டியைப் பகல் பதினொரு மணிக்கு மட்டுமே அழைத்து வருகிறார். அந்த நேரத்தில் கார் வேலைக்குப் போயிருக்கும், சந்து விசாலமாகத் தெரியும்.

"நான் பொய் சொல்லலையே ஹஜ்ரத், சும்மா தானே இருக்கேன்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. ஒரு வீடாக இருந்ததைப் பாகப்பிரிவினையில் மூன்று வாசலாக்கினோம். திண்ணையை இடித்து அறை கட்டினோம். சைக்கிள் போக விட்ட சந்தில் மாதத் தவணையில் வாங்கிய கார் வந்து நிற்கிறது. இடம் பிடிக்கக் கல்லும், பூந்தொட்டியும், சிமெண்ட் நிரப்பிய பெயிண்ட் டப்பாவும் தெருவில் இறங்கின. "மீறினால் காற்று பிடுங்கப்படும்" என்று கேட்டில் பலகை. தெரு அரசுடையது, என் வாசலுக்கு நேரே இருப்பதால் அது என் சொத்தாகாது என்ற சாதாரண உண்மையை நாம் எல்லோரும் வசதியாக மறந்திருக்கிறோம். நிறுத்த இடம் காட்டினால்தான் மும்பையில் புதுக் கார் பதிவு என்று மகாராஷ்டிர போக்குவரத்து அமைச்சர் 2025 மே மாதம் சொன்னபோது பலர் சிரித்தார்கள். ஜப்பானில் இந்தச் சட்டம் 1962-லிருந்தே இருக்கிறது.

சும்மா இருப்பது பொய்யா என்ற கேள்விக்கு நம் ஃபிக்ஹு நூல்களில் பதில் தேடுவது கடினமல்ல. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் உள்ளது. பொய் சொல்வதை மட்டுமல்ல, மறைப்பதையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

குறை என்றால் சுவர் விரிசலும் ஒழுகும் கூரையும் மட்டும்தானா? ஷாஃபிஈ ஃபிக்ஹில் ஒரு சுவையான உதாரணம் வருகிறது. பக்கத்தில் துணி வெளுப்பவர்கள் அடித்துத் துவைக்கும் சத்தமும் அதிர்வும் ஒரு வீட்டைப் பாதித்தால், அதை வீட்டின் குறையாகவே எண்ணியிருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு செங்கல் கூடப் பழுதில்லை, குறை மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது! ஹன்பலி மத்ஹபில் இமாம் இப்னு தைமிய்யா இன்னும் நேராகச் சொன்னதாகப் பதிவாகியுள்ளது: கெட்ட அண்டைவீட்டாரும் குறைதான். அன்று துவைகல், இன்று கார். ஆகவே அந்தச் சகோதரியிடம் நாம் சொன்னது, "சும்மா இருப்பது உங்களுக்கு ஆகாது" என்பதுதான்.

நாட்டின் சட்டமும் வெகு தூரத்தில் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதை மோசடி என்றே அப்பிரிவு கருதுகிறது. வெறும் மனக்கசப்பு "முக்கியக் குறை" ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். சந்தின் பாத்தியதையே தகராறில் இருந்தால் அது சொத்தின் உரிமையைத் தொடுகிற விஷயம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது விற்றால், 52-ஆவது பிரிவின்படி தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். வில்லங்கச் சான்றிதழில் எதுவும் இல்லை என்று நிம்மதியடைபவர்கள் கவனிக்க வேண்டும்: இத்தகைய வழக்குகள் அதில் எப்போதும் தென்படுவதில்லை. இன்னொன்று: பக்கத்து வீட்டார் உங்கள் இடத்தின் வழியாக 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு போய் வந்திருந்தால், வசதியுரிமைச் சட்டப்படி அவர்களுக்கு வழியுரிமை ஏற்பட்டிருக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ வேறு மாதிரி சிக்கல். திறந்த வெளியையும் தூண்களுக்கு இடையிலான தளத்தையும் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது, அவை பொது இடம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. ஆனாலும் "கார் பார்க்கிங் தனியாக இத்தனை லட்சம்" என்ற பேச்சு நிற்கவில்லை. "இது என் இடம்" என்று கைகாட்டி விற்பவரிடம், பத்திரத்தின் சொத்து விவரத்தில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்.

இங்கிலாந்தில் வீடு விற்பவர் நிரப்பும் வழக்கமான படிவத்திலேயே அண்டைவீட்டாருடன் தகராறு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. தனிப்பாதை தொடர்பான சண்டையை மறைத்து "இல்லை" என்று எழுதிய ஒரு தம்பதியர், வாங்கியவர்களுக்கு 67,500 பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என 2003-ல் அங்கே தீர்ப்பானது. நம் நாட்டில் அப்படிப் படிவம் இல்லை. மறுமையின் ஏட்டை நம்புகிற நமக்குப் படிவம் தேவையா என்ன?

புரோக்கர் பாய்களுக்கும் மஹல்லாவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டகம் வாங்கிப் போனவரைத் துரத்திச் சென்று, அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைச் சொன்னார்கள் வாஸிலா (ரலி) அவர்கள். "என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே" என்று விற்றவர் குறைப்பட்டபோது, குறை தெரிந்தவர் மறைக்கக் கூடாது என்ற நபிமொழியைத்தான் பதிலாகச் சொன்னார்கள். அவர் விற்றவருமல்ல, வாங்கியவருமல்ல. விஷயம் தெரிந்த மூன்றாமவர். அதற்காக, பார்ட்டி வரும் நேரம் பார்த்து வாசலில் நின்று "வாங்காதீங்க, வில்லங்கம்" என்று இல்லாததைச் சேர்த்துச் சொல்லி விலையை இறக்கி, பிறகு தானே வாங்க நினைக்கும் அண்டைவீட்டாருக்கு இந்த ஹதீஸ் உதவாது.

அண்டைவீட்டார் வாங்க விரும்பினால் நேராகக் கேட்கலாம். ஹனஃபி மத்ஹபில் அவருக்கு ஷுஃப்ஆ என்ற முன்னுரிமையே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது கூட்டுப் பங்காளிக்கு மட்டும். மதராஸ் உயர் நீதிமன்றம் 1870-லேயே இதைச் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டதால் நம் பகுதியில் இது மனசாட்சியின் விஷயமாக மட்டுமே நிற்கிறது. அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் வெளியே அதிக விலை வந்தும், பக்கத்து வீட்டாரான ஸஅத் (ரலி) அவர்களுக்கே குறைந்த விலைக்கு, அதுவும் தவணையில் கொடுத்தார்கள்.

ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றி அடுத்தவர் கேட்டை மறித்து பைக்கை நிறுத்திவிட்டு, முதல் ஸஃப்புக்கு ஓடுகிறோமே, இதையும் இங்கே சொல்லாமல் விட்டால் நாமும் மறைத்தவர்களாகிவிடுவோம்.

அந்தச் சகோதரி அடுத்து வந்த பார்ட்டியை மஃரிபுக்குப் பிறகு வரச் சொன்னார். கார் நின்றது, விஷயத்தையும் சொன்னார். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அதற்கடுத்தவர் ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டார். ஜமாஅத் பெரியவர்கள் இருவரும் சர்வேயரும் வந்து சந்தை அளந்தார்கள். கார் எதுவரை நிற்கலாம் என்று கோடு போட்டு, இரு வீட்டாரும் கையெழுத்திட்ட ஒரு காகிதம் தயாரானது. அதன் நகல் பத்திரத்தோடு வாங்கியவரிடம் இருக்கிறது. மகன் ஒரு மாதம் உம்மாவிடம் சரியாகப் பேசவில்லையாம். கார் இன்னும் கோட்டைத் தாண்டி ஓர் அடி உள்ளே நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. வாங்கியவரிடம் பைக்தான் இருக்கிறது, போய்விடுகிறது.