வேரியும் ஜின்னும்

புறநானூற்றின் 152ஆம் பாட்டில், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி, காட்டில் எதிர்ப்பட்ட கலைஞர் கூட்டத்துக்கு, வேண்டுவதைச் சொல்லவும் விடாமல், மான்கறியும் வேரியும் தருகிறான். அந்த மது உருக்கிய பசுநெய்யைப் போல இருந்தது என்கிறார் வன்பரணர். ஒரே உவமையில் நிறமும் தெளிவும் வந்துவிடுகின்றன.

அம்மலை அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் 1937இல் ராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதன் சரிதவறு வேறு விவாதம். குடியால் அழிந்த வீடுகளை நாமும் அறிவோம். நம் கவலை மொழியைப் பற்றியது. நறவு, தேறல், தோப்பி, பிழி என்று வழங்கிய மொழியில் இன்று பேச்சில் மிஞ்சியிருப்பது ‘சரக்கு’. நம் கதைகளில் குடிப்பவன் அழுகிறான், அல்லது அடிக்கிறான். அவன் நாக்கு எதை உணர்ந்தது என்று எழுதப்படுவது அபூர்வம்.

வீட்டில் கலந்து பார்க்கலாம். ஒரு பங்கு ஜின்னில் ஒரு சிறு கரண்டி மலைத்தேனை முதலில் கரைத்துவிட வேண்டும். பனிக்கட்டி விழுந்தபின் அது அடியில் தங்கிவிடும். பிறகு மூன்று பங்கு டானிக், ஒரு சீவல் ஆரஞ்சுத் தோல். மூக்கில் ஜூனிபர் காயின் பிசின் வாசம். தேன் நாக்கைத் தொட்டு விலகியதும், தொண்டையில் கொயினாக் கசப்பு மெல்ல எழுகிறது.

நெல்லிக்காய் தின்று நீர் குடித்தால் ஊறும் இனிப்பை அகநானூறு உவமையாக்கியது. இந்தக் குவளையில் நடப்பது அதன் தலைகீழ். அந்தப் பின்கசப்பை என்னவென்று அழைப்பது? சொல் வைத்திருக்கும் நண்பர்கள் தந்துதவ வேண்டும்.