கடன் சாலையும் கணக்குக் கேட்கும் உரிமையும்

ஆற்காட்டில் புறப்பட்டுத் திமிரி, ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி ஆகிய ஊர்களின் வழியாக விழுப்புரம் சென்று சேரும் நெடுஞ்சாலை, மற்ற ஊர்களுக்கு ஒரு சௌகரியமாக இருக்கலாம். ஆரணிக்கோ அது ஜீவநாடி. ஆரணி என்னும் பெயரைத் தாங்கிய ரயில் ஸ்டேஷன் ஆரணியில் இல்லை. ‘ஆரணி ரோடு’ ஸ்டேஷன் ஊரைவிட்டு விலகிக் களம்பூரில் இருக்கிறது. ஊரைத் தொட்டுச் செல்லவேண்டிய திண்டிவனம் – நகரி ரயில் பாதைக்கு 2006-07ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தும், அது இன்னும் ஆமை நடையே நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் ஆரணித் தறிகளுக்கு வந்து சேர்வதும், நெய்த சேலைகள் கடைகளுக்குப் போவதும் சாலையை நம்பியே நடக்கின்றன. அந்தச் சாலை எவ்வாறு போடப்படுகிறது, யாருடைய பணத்தில் போடப்படுகிறது, அதற்கு யார் ஜவாப்தாரி என்னும் கேள்விகள் எஞ்சினீயர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. தறிக்காரருக்கும் வியாபாரிக்கும் உரியவை என்பதே நமது அபிப்பிராயம்.

இச்சாலை சர்வதேசக் கடனால் சீர்திருத்தப்பட்டது. உலக வங்கி 2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்துக்காக 34.8 கோடி டாலர் கடன் அனுமதித்தது. ஆற்காட்டிலிருந்து திருவாரூரை நோக்கி ஒரு தொடரும், நாகப்பட்டினத்திலிருந்து தூத்துக்குடியை நோக்கி மற்றொரு தொடருமாக எழுநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளை அகலப்படுத்திப் பலப்படுத்துவதே அதன் பிரதான நோக்கம். குறித்த காலத்தில் வேலை முடியவில்லை. கடனின் தவணை நீட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டில் சுமார் 5 கோடி டாலர் கூடுதல் கடனும் பெறப்பட்டது. 2015ஆம் ஆண்டில் இரண்டாவது திட்டத்துக்காக 30 கோடி டாலர் அனுமதியாயிற்று. அதற்குப்பின் 2021ஆம் ஆண்டில் ஆசிய வளர்ச்சி வங்கி, சென்னை – கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தைச் சேர்ந்த சுமார் 590 கிலோமீட்டர் மாநிலச் சாலைகளுக்காக 48.4 கோடி டாலர் அளிக்க முன்வந்தது. ஆரணிக்குத் தெற்கே வந்தவாசி வழியாகப் போளூர் செல்லும் சாலை இதில் சேர்ந்ததே. ஆகவே இது நேற்றோடு தீர்ந்த விவகாரம் அன்று.

அன்னியக் கடன் என்றாலே தீட்டு என்று சொல்லுவோர் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்லோம். 1944ஆம் ஆண்டில் பிரெட்டன் வுட்ஸ் மகாநாட்டில் உலக வங்கிக்கு அஸ்திவாரம் இட்டபோது, அங்கே அமர்ந்திருந்த இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர் நமது கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். 1949ஆம் ஆண்டில் ரயில் எஞ்சின்கள் வாங்குவதற்காக முதற் கடனை இந்தியா பெற்றது. நாம் அந்த ஸ்தாபனத்தின் வாயிலில் நிற்கும் யாசகர்கள் அல்லர், அதன் பங்குதாரர்கள். ஜப்பானியக் கடனுதவியால் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களுக்கு ஒகேனக்கல் நீர் 2013ஆம் ஆண்டு முதல் கிடைத்ததையும், புளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஜனங்களுக்கு அது செய்த நன்மையையும் யாரே மறுப்பர்?

ஆனால் கடன் தானமாகாது. ‘உலக வங்கி போட்ட சாலை’ என்று ஜனங்கள் பேசுவதைக் கேட்கிறோம். உலக வங்கி சாலை போடவில்லை. நாம் போட்டோம், அது கடன் கொடுத்தது, வட்டியுடன் அதைத் திருப்பிக் கொடுப்பவர்களும் நாமே. முன்பெல்லாம் மத்திய சர்க்கார் டாலரில் வாங்கி மாகாணங்களுக்கு ரூபாயில் கொடுத்துவந்தது. நாணய மாற்றின் நஷ்டத்தைத் தானே சுமந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் கையெழுத்தான கடன்களில் அந்த ஏற்பாடு மாறிவிட்டது. எந்த நிபந்தனையில் கடன் வந்ததோ அதே நிபந்தனையில் மாநிலத்தின் தலையில் அது வைக்கப்படுகிறது. 2003ஆம் ஆண்டில் ஒரு டாலருக்குச் சுமார் 46 ரூபாய். 2023ஆம் ஆண்டில் 82 ரூபாய்க்கு மேல். இந்த வித்தியாசத்தைக் கட்டுபவன் யார்? உப்பும் புளியும் வாங்கும் ஒவ்வொருவனுமே.

இனி, வேலை நடக்கும் முறையைக் கவனிப்போம். இத்தகைய ஒப்பந்தங்களில் மூன்று கட்சிகள் உண்டு. வேலையைச் செய்விப்பவர் சர்க்கார், செய்பவர் ஒப்பந்தக்காரர், இருவருக்கும் நடுவே நின்று, அளந்து, தரம் பார்த்து, இன்ன தொகை கொடுக்கலாம் என்று சர்டிபிகேட் கொடுப்பவர் மேற்பார்வை எஞ்சினீயர். பெரும்பாலும் இவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆலோசனைக் கம்பெனியாக இருப்பார். இவர்களுக்கு மேலே, டெண்டர் முதல் பணப் பட்டுவாடா வரை தன் விதிகளின்படி நடக்கிறதா என்று பார்த்திருக்கும் வங்கி ஒன்று. ஏட்டில் இது நல்ல ஏற்பாடே. நடைமுறையில் நடப்பது என்ன? சாலையோரக் கால்வாய் உயர்ந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர் முறையிட்டால், நெடுஞ்சாலை ஆபீஸ் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறது. ஒப்பந்தக்காரர் வரைபடத்தைக் காட்டுகிறார். வரைபடம் போட்டவர் வங்கியின் நிபந்தனையைக் காட்டுகிறார். வங்கியோ வாஷிங்டனிலோ மணிலாவிலோ இருக்கிறது. நான்கு கைகள் நான்கு திசையைச் சுட்டும்போது, வீட்டுக்காரர் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜவாப்தாரித்தனம் என்னவென்பதை ஆரணி நெசவாளருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. சங்கத்திலோ முதலாளியிடமோ அவர் பட்டும் சரிகையும் வாங்கும்போது நிறுத்துக் கொடுக்கிறார்கள்; சேலையைத் திருப்பிக் கொடுக்கும்போதும் நிறுத்து வாங்குகிறார்கள். எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். இழை விட்டிருந்தால் அங்கேயே கேள்வி. சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை கண்டிப்பு இருக்கையில், கோடிக்கணக்கான ரூபாய்ச் சாலைக்கு எவ்வளவு இருக்கவேண்டும்! அளவுப் புத்தகம், ஜல்லியும் தாரும் சோதித்த குறிப்பு, ஒப்பந்தக்காரரின் பில்லிலிருந்து பிடித்துவைத்த தொகை, வேலை முடிந்தபின் குறைகளைத் தம் செலவில் அவரே சரிசெய்யவேண்டிய கெடு ஆகிய இவையெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அவை சாலையோரத்தில் குடியிருப்பவருக்குத் தெரியும்படி இல்லை என்பதே குறை.

தாமதத்தின் கதையும் இதுவே. நிலத்தைக் கையில் எடுக்காமலும், மின்கம்பங்களையும் குடிநீர்க் குழாய்களையும் மாற்றாமலும், மரங்களைப்பற்றி முடிவு செய்யாமலும் டெண்டரைத் திறந்துவிடுவது நமது இலாகாக்களின் பழைய வழக்கம். யந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்திய ஒப்பந்தக்காரர், இடம் கொடுக்கவில்லை என்று நஷ்ட ஈடு கேட்கிறார், சட்டப்படி கேட்கத்தக்கதே. சாமான்களின் விலையேற்றத்துக்குத் தனிக் கணக்கு. கடனை அனுமதித்தபின் எடுக்காமல் வைத்திருந்தால், எடுக்காத தொகைக்கும் வங்கி கட்டணம் வாங்குகிறது. ஆக, ஒரு தாசில்தார் ஆபீசில் ஒரு பைல் தூங்கும் ஒவ்வொரு மாதமும் பொதுஜனத்துக்குப் பணச்செலவு. தாமதம் என்பது வெறும் சோம்பல் அன்று, வரி.

நிலம் இழப்போரின் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பட்டா இல்லாமல் சாலையோரத்தில் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்தவனுக்கும் வாழ வழி செய்யவேண்டும் என்று கடன் கொடுக்கும் வங்கியின் விதி சொல்லுகிறது. நமது 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் அவனை ஆக்கிரமிப்பாளன் என்று மட்டுமே அறியும். நிலம் எடுப்புக்குப் பார்லிமெண்டு செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரண்பட்டதென்று இச்சட்டத்தின் நிலமெடுப்பு விதிகளைச் சென்னை ஹைகோர்ட்டு 2019ஆம் ஆண்டில் செல்லாதென்றது. மாநில சர்க்கார் உடனே மற்றொரு சட்டம் செய்து அதற்கு உயிரூட்டியது; 2021ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் செல்லும் என்பது தீர்ந்த விஷயம். அது நியாயமா என்பது வேறு விஷயம். அன்னிய வங்கியின் விதி நம் ஏழைக்குக் காட்டும் இரக்கத்தை நம் சட்டசபை காட்டாதிருப்பது நமக்குக் கௌரவமா?

வெளியுலகத்தில் இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். நர்மதை நதியில் சர்தார் சரோவர் அணைக்கு 1985ஆம் ஆண்டில் உலக வங்கி 45 கோடி டாலர் தர ஒப்பியது. வெளியேற்றப்பட்ட ஜனங்களின் இடையறாக் கிளர்ச்சியால் வங்கியே மார்ஸ் என்பவரின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 1992ஆம் ஆண்டில் வந்த அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. 1993ஆம் ஆண்டில் மீதிக் கடன் வேண்டாமென்று இந்திய சர்க்கார் விலகிக்கொண்டது. அணையோ கட்டப்பட்டது. வங்கியோடு வங்கியின் கண்காணிப்பும் போயிற்று. வீடிழந்தோரின் போராட்டம் மட்டும் நின்றது. வங்காள தேசத்தில் பத்மா நதிப் பாலத்துக்கு ஒப்பிய 120 கோடி டாலரை, லஞ்சப் புகாரைச் சொல்லி 2012ஆம் ஆண்டில் வங்கி ரத்து செய்தது. புகார் ருசுவாகவில்லை; கனடா கோர்ட்டு 2017ஆம் ஆண்டில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அந்நாடு சொந்தப் பணத்தில் பாலத்தைக் கட்டி 2022ஆம் ஆண்டில் திறந்தது. இவற்றால் நாம் அறிவது யாது? அன்னியப் பணம் வந்தால் நீதி வந்துவிடாது. சொந்தப் பணம் போட்டாலும் நீதி தானே வந்துவிடாது. பணம் எங்கிருந்து வந்தாலும், கணக்குக் கேட்கும் ஜனங்கள் இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும்.

ஆகவே நாம் கோருவது நான்கு காரியங்கள். முதலாவது, வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி கையில் வந்து, நஷ்ட ஈடும் பட்டுவாடாவான பிறகே டெண்டர் கோரவேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத் தொகை, முடியவேண்டிய தேதி, மேற்பார்வையாளர் பெயர், குறை தீர்க்கும் கெடு ஆகியவற்றைத் தமிழில் எழுதி, சாலை செல்லும் ஒவ்வொரு ஊரிலும் பலகையாக நாட்டவேண்டும். வங்கிகள் தங்கள் தஸ்தாவேஜுகளை இங்கிலீஷில் வெளியிடுகின்றன. ஆரணித் தறிக்காரருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? மூன்றாவது, மாதந்தோறும் நகராட்சி மன்றத்தில் எஞ்சினீயர் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். நான்காவது, கடன் முடிந்தபின் பராமரிப்புக்கான நிதியை ஆண்டுதோறும் தனியே ஒதுக்கவேண்டும். சாலை பத்து வருஷத்தில் குழியாகிப்போனால், இல்லாத சாலைக்கு நம் பிள்ளைகள் வட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சர்க்கார் தானே முன்வந்து இவற்றைச் செய்யும் என்று காத்திருக்கவேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலே இலாகாக்கள் தகவல்களை வெளியிடவேண்டும் என்று விதிக்கிறது. வெளியிடாவிட்டால் மனுப்போட்டுக் கேட்கலாம். உலக வங்கியில் 1993ஆம் ஆண்டில் ஏற்பட்ட விசாரணைப் பஞ்சாயத்தில், திட்டத்தால் பாதிக்கப்பட்டவர் இருவர் சேர்ந்தாலே முறையிடலாம். ஆசிய வளர்ச்சி வங்கியிலும் அவ்வாறே. இருவர் போதும்! ஆரணியில் இருவர் அகப்படமாட்டார்களா?

மேடையில் தேசபக்தி பேசுவது எளிது. ஊருக்கு வந்த எஞ்சினீயரை மரியாதையாக நிறுத்தி, ‘ஐயா, இந்தக் கல்வெட்டுக்கு எவ்வளவு சிமெண்டு எழுதினீர்கள், எவ்வளவு போட்டீர்கள்?’ என்று கேட்பதும் தேசபக்தியே. பட்டை நிறுத்து வாங்கும் ஊர், சாலையையும் நிறுத்து வாங்கட்டும்.