கேள்வி-பதில்: ஒரு டிராக்டரில் இரண்டு டிரெய்லர் மாட்டலாமா?

கேள்வி: ‘‘எங்களுக்கு 2 ஏக்கர் கரும்பு. வெட்டு உத்தரவு வந்துவிட்டது. ஆலை 24 கிலோமீட்டர் தூரம். 45 குதிரைத்திறன் டிராக்டரும், இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் சொந்தமாக இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன்னுடைய டிரெய்லரையும் கொடுக்கிறேன் என்கிறார். இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டினால் பாதி நடையில் வேலை முடியும் என்கிறான் மகன். அவனுக்கு 21 வயது. வழியில் ஓர் ஏரிக்கரை இறக்கமும், இறக்கம் முடியும் இடத்தில் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. எனக்கு மனது கேட்கவில்லை. மாட்டலாமா, கூடாதா?’’
- வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: நீங்கள் சொல்லும் டிரெய்லரை வைத்து, அந்த வழியில், மாட்டக் கூடாது. காரணங்களைத் தெரிந்துகொண்டால் மகனிடம் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

மகன் சொல்லும் கணக்கில் தவறில்லை. ஏக்கருக்கு 40 டன் என்று வைத்தால் மொத்தம் 80 டன். நடைக்கு 5 டன் வீதம் 16 நடை. இரண்டு டிரெய்லர் என்றால் 8 நடை. போக வர 48 கிலோமீட்டர் என்பதால் 384 கிலோமீட்டர் ஓட்டம் குறையும். சிறு விவசாயிக்கு இது பெரிய தொகைதான். ஆனால், இது இழுக்கிற கணக்கு மட்டும். நிறுத்துகிற கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிறுத்துவது யார்?

டிராக்டர் சுமார் 2 டன். டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன், அதில் கரும்பு 5 டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரெய்லருடன் மொத்தம் 8.5 டன். இரண்டுடன் 15 டன். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. ஆகவே, 15 டன்னையும் நிறுத்த வேண்டியது டிராக்டரின் பின்சக்கர பிரேக் மட்டுமே. ஒரு டிரெய்லருடன் 10 மீட்டரில் நிற்கிற வண்டி, அதே வேகத்தில் இரண்டு டிரெய்லருடன் நிற்க 17 மீட்டருக்கு மேல் பிடிக்கும். வேகம் இரு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாதாரணச் சரிவில்கூட, 15 டன் பாரம் 750 கிலோ விசையோடு கீழே தள்ளும். அப்போது பிரேக்கை அழுத்தினால் பின்னால் இருக்கும் பாரம் டிராக்டரைப் பக்கவாட்டில் திருப்பி மடக்கிவிடும். இறக்கம் முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு சக்கர டிரெய்லரின் குறை

இரண்டு சக்கர டிரெய்லர், நடு அச்சை வைத்து ஏற்றப்பலகை போல வேலை செய்யும். முன்பாரம் டிராக்டரின் கொக்கியில் அழுந்துவதால்தான் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு கிடைக்கிறது. அதன் வாலில் இன்னொரு டிரெய்லரை மாட்டினால், அந்த டிரெய்லரின் மூக்கு எடை வாலில் இறங்கும். உதாரணமாக, அச்சுக்குப் பின்னால் 2 மீட்டரில் 500 கிலோ அழுந்தினால், அச்சுக்கு முன்னால் 3 மீட்டரில் இருக்கும் கொக்கியில் 330 கிலோவுக்கு மேல் தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் லேசாகிவிடும். இழுவையும் குறையும், பிரேக் பிடிப்பும் குறையும். பாரம் கூடுகிற நேரத்தில் பிடிப்பு குறைவதுதான் இதில் உள்ள ஆபத்து.

இரண்டு டிரெய்லர் இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதல் டிரெய்லர் நான்கு சக்கரம் கொண்டதாக, பின்னால் இழுப்பதற்கென்றே தயாரிப்பாளர் கொக்கி வைத்ததாக இருக்க வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்து ஒட்டிய கொக்கி கூடாது. இரண்டிலும் வேலை செய்யும் பிரேக் வேண்டும். டிராக்டர் கையேட்டில் சொல்லியிருக்கும் இழுவை எடைக்குள் மொத்தமும் அடங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி டிரெய்லரும் தனி வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்லர் இழுத்தால், இழுக்கும் வண்டியின் பதிவு எண் கடைசி டிரெய்லரில் தெரிய வேண்டும் என்று 61-வது பிரிவு சொல்கிறது. சட்டத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதால் உங்கள் வண்டிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. மொத்த நீளம், எடை, பிரேக் ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. இரண்டாவது டிரெய்லர் மாட்டுவதற்கு முன், டிராக்டர், டிரெய்லர் இரண்டின் ஆர்.சி. புத்தகங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆர்.சி-யில் உள்ள எடையைத் தாண்டினால், 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதிகப்படி பாரத்தையும் அங்கேயே இறக்க வேண்டும். மிச்சம் பிடித்த டீசல் காசு இதில் ஒரே நாளில் போய்விடும்.

இரவல் டிரெய்லரில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் பதிவும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்கிறதா, உங்கள் டிராக்டர் பாலிசியில் டிரெய்லர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், விபத்து நடந்தபின் இழப்பீடு வழக்கில் உங்கள் நிலமும் வீடும்தான் முன்னால் நிற்கும். டிரெய்லர் கொடுத்த அண்ணனும் கோர்ட் படியேற வேண்டிவரும். கரும்பு மேல் ஆள் உட்கார்ந்து வருவதும், மட்கார்டில் ஆள் உட்காருவதும் கூடவே கூடாது.

ஒரே டிரெய்லர் என்றாலும்...

* சாலைக்கு ஏறும் முன் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். வயலில் பிரித்துவிட்டு அப்படியே சாலைக்கு வந்தால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழும்.
* டிரெய்லரை டிராக்டரின் கீழ்க் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கும். கொக்கிப் பின்னுக்கு லாக் போட்டு, தனியாகப் பாதுகாப்புச் சங்கிலியும் பூட்ட வேண்டும். பின்னுக்குப் பதிலாகக் கம்பியோ, போல்ட்டோ செருகக் கூடாது.
* இறக்கத்தின் உச்சியிலேயே சின்ன கியருக்கு மாறிவிட வேண்டும். நியூட்ரலில் விடுவதும், கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவதும் கூடாது.
* பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு பக்கமும் வேண்டும். கரும்புத் தோகை தொங்கி விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் மறைக்காமல் கட்ட வேண்டும்.
* வண்டி நின்றுவிட்டால் சக்கரத்துக்குக் கொடுக்க மரக்கட்டை வைத்திருக்க வேண்டும். கல்லை வைத்துவிட்டு, கிளம்பும்போது சாலையிலேயே போட்டுவிட்டால் இரவில் பைக்கில் வருபவர் உயிருக்கு ஆபத்து.

16 நடையைச் சமாளிக்க வழி இருக்கிறது. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரையும் குறையும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போவதுதான் லாபம். எனவே, 2 ஏக்கரையும் ஒரே மூச்சில் வெட்டாமல், அன்றன்று ஏற்றக்கூடிய அளவு மட்டும் வெட்டச் சொல்லுங்கள். வெட்டு உத்தரவைச் சில நாள்களுக்குப் பிரித்துத் தர ஆலையின் கரும்பு அலுவலரிடம் கேட்கலாம். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் டிராக்டரும் இருந்தால், டிரெய்லரோடு அதையும் சேர்த்து வாடகைக்குப் பேசலாம். அல்லது, பக்கத்தில் வெட்டுகிறவர்களோடு சேர்ந்து ஒரு லாரி பேசி, வாடகையை டன் கணக்கில் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மகனிடம், ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாமல், 15 டன்னை நிறுத்தப்போவது எந்தச் சக்கரம் என்று கேளுங்கள். வண்டி தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியே போதும்.